கேட்டைத் தாண்டிய கறுப்பு வண்டி

மோட்டார் காப்பீட்டுப் பிரிவில் புதிதாகச் சேர்கிறவர்கள் என்னிடம் ஏறக்குறைய ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். எந்த வண்டியின் ஃபைல் மேஜைக்கு வந்தால் உஷாராக இருக்க வேண்டும்? லாரியா, பெட்ரோல் டேங்கரா, வெளியூர் பஸ்ஸா? ஓடாத வண்டி என்பேன். சிரிப்பார்கள். ஒரு காலத்தில் நானும் சிரித்திருப்பேன்.

நான் தாராவியில் பிறந்து வளர்ந்தவள். ஒரு பொதுக் காப்பீட்டு நிறுவனத்தின் செம்பூர் கிளையில் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்து, மோட்டார் பிரிவின் பொறுப்பாளராக ஓய்வு பெற்றேன். வேலையை நன்றாகவே செய்தேன். அதைக் கூச்சப்பட்டுச் சொல்ல எனக்கு வராது. ஆனால் நன்றாகச் செய்த நூறு ஃபைல்களைப் பற்றிச் சொல்லி உங்களுக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. நன்றாகச் செய்துவிட்டதாக நான் நினைத்துக்கொண்டிருந்த ஒன்றைப் பற்றிச் சொல்கிறேன்.

நான் ஓய்வு பெறுவதற்குச் சில வருஷங்கள் முன்னால், மாட்டுங்காவிலிருந்து சுந்தரேசன் என்று ஒருவர் வந்தார். எழுபதைத் தாண்டியவர். ஒரு கம்பெனியில் கணக்கு அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் அப்பா வாங்கிய கறுப்புக் கார் ஒன்று அவரிடம் இருந்தது. காருக்கும் வயது அறுபதுக்கு மேல். ஞாயிற்றுக்கிழமைகளில் தாதர் வரை ஓட்டிக்கொண்டு போய்த் திரும்புவார், அவ்வளவுதான். பிரேக்குக்கு உதிரி பாகம் கிடைக்கவில்லை. பதிவைப் புதுப்பிக்க வண்டியைச் சோதனைக்குக் கொண்டுபோகும் நாளும் நெருங்கிவிட்டது. கண்ணில் ஆபரேஷன் வேறு ஆகியிருந்தது. விற்கவும் மனமில்லை, பழைய இரும்புக்குப் போடவும் மனமில்லை.

"வண்டியை நிறுத்தி வைக்கலாம்னு இருக்கேன். ஆனா சட்டப்படி நிறுத்தணும். என்னென்ன பண்ணணுமோ சொல்லுங்கோ" என்றார்.

இப்படிக் கேட்கிற வாடிக்கையாளர் அபூர்வம். பெரும்பாலானவர்கள் வண்டியை ஒரு மூலையில் தள்ளி, துணியைப் போட்டு மூடிவிட்டு, பாலிசி காலாவதியாகட்டும் என்று விட்டுவிடுவார்கள். ஓடாத வண்டிக்கு எதற்குக் காசு என்பது அவர்கள் நியாயம். அப்படி விட்டவர் ஒருவர் முலுண்டில் இருந்தார். பக்கத்துக் கட்டிடத்திலிருந்து வந்து விழுந்த தீபாவளி ராக்கெட்டில் ஷெட்டோடு அவர் வண்டி எரிந்தது. எங்கள் ஆபீஸுக்கு வந்து ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு வெறும் கையோடு போனார். எனக்கு அவர் முகம்தான் அன்றைக்கு ஞாபகம் வந்தது.

அதனால் சுந்தரேசனுக்கு நிதானமாக எல்லாவற்றையும் எடுத்துச் சொன்னேன். பதிவை ரத்து செய்ய வேண்டாம், ரத்து செய்துவிட்டால் பிறகு மனசு மாறினால் கஷ்டம். வண்டி பயன்பாட்டில் இல்லை, இன்ன இடத்தில் நிற்கிறது என்று ஆர்.டி.ஓ.வுக்கு எழுதிக் கொடுத்து, வாங்கிக்கொண்டதற்கு முத்திரையும் வாங்கி வைத்துக்கொள்ளட்டும். பாலிசியை விட்டுவிட வேண்டாம், ஷெட்டில் நிற்கும்வரை தீ, திருட்டு இரண்டுக்கு மட்டும் என்று சுருக்கிக்கொள்ளலாம். ஆர்சி, அதாவது பதிவுச் சான்று, யார் பெயரில் என்று கேட்டேன். அப்பா காலமான உடனேயே தன் பெயருக்கு மாற்றிவிட்டேன் என்றார். எனக்கு அதில் பாதி நிம்மதி. இறந்துபோனவர் பெயரிலேயே நிற்கிற பழைய கார்கள் இந்த ஊரில் எத்தனையோ. மூன்று மாதத்துக்குள் வாரிசு பெயருக்குப் பாலிசியை மாற்றாவிட்டால் அது வெறும் காகிதம் என்பது அந்த வீட்டில் யாருக்கும் தெரிந்திருக்காது.

கடைசியாக இதையும் சொன்னேன்: "சார், இனிமே இந்தப் பாலிசியில தேர்ட் பார்ட்டி கிடையாது. வண்டியால வெளியாளுக்கு ஏதாவது ஆச்சுன்னா கம்பெனி தராது. அதனால வண்டியை ரோட்டுல ஓட்டக்கூடாது."

"ஓட்டவே மாட்டேன்" என்று கையெழுத்துப் போட்டார்.

அந்த ஃபைலை மூடும்போது எனக்குத் திருப்தியாக இருந்தது. பக்கத்து மேஜைக்காரரிடம் காட்டி, ஒரு பழைய வண்டியை எப்படி நிறுத்த வேண்டும் என்பதற்கு இதுதான் மாதிரி என்றுகூடச் சொன்னேன்.

அடுத்த மே மாதம். மழைக்கு முன்னால் அவர் கட்டிடத்தில் கார் ஷெட்டின் கூரைத் தகடுகளை மாற்ற அங்கே குடியிருப்பவர்களின் சொசைட்டி முடிவு செய்தது. இரண்டு நாளைக்கு ஷெட்டைக் காலி செய்து தரச் சொன்னார்கள். சுந்தரேசன் ஒழுங்கான மனிதர். பேட்டரியை எப்போதோ கழற்றிவிட்டார். டேங்கில் ஒரு சொட்டு பெட்ரோல் கிடையாது. வாட்ச்மேனும் கூரை வேலைக்கு வந்த இரண்டு பேரும் பின்னாலிருந்து தள்ள, அவர் ஸ்டீரிங்கைப் பிடித்துக்கொண்டு, வண்டியை கேட்டுக்கு வெளியே கொண்டுவந்து சந்தில் மதில் ஓரமாக நிறுத்தினார். ஹாண்ட் பிரேக்கை இழுத்தார். ஒரு செங்கலையும் சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்தார்.

அந்தச் சந்து பார்வைக்குச் சமதரைதான். ஆனால் மெயின் ரோட்டுப் பக்கம் லேசாகச் சரியும். மேலே வீட்டில் அவர் காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது செங்கல் நொறுங்கியது, பழைய பிரேக்கும் பிடிக்கவில்லை. வண்டி சத்தமே இல்லாமல் பின்னால் உருண்டது. மாரியம்மாள் என்ற பெண் அப்போது அந்தச் சந்துக்குள் வந்துகொண்டிருந்தாள். கோவண்டி குடிசைப் பகுதியிலிருந்து வந்து மாட்டுங்காவில் மூன்று வீடுகளில் சமையல் செய்கிறவள், நாற்பது வயது இருக்கும். என்ஜின் சத்தம் கேட்டிருந்தால் விலகியிருப்பாள். அவள் காலை வண்டி மதிலோடு வைத்து நசுக்கிவிட்டது. முழங்காலுக்குக் கீழே இரண்டு இடத்தில் எலும்பு முறிவு.

இது நடந்தது காலை ஒன்பதரைக்கு. எனக்கு போன் வந்தது பதினொன்றரைக்கு. பேசியது பிரகாஷ் என்ற ஏஜென்ட். எங்கள் கிளைக்கு நிறைய வண்டிகள் கொண்டுவருகிற பையன், சுந்தரேசனை எங்களிடம் அனுப்பியதும் அவன்தான். நடந்ததைச் சொல்லிவிட்டு, போலீஸில் இன்னும் வாக்குமூலம் கொடுக்கவில்லை என்றான்.

"மேடம், இப்பவே அந்த வண்டிக்கு ஒரு தேர்ட் பார்ட்டி போட்டுடுங்க. பன்னிரண்டுக்குள்ள ஆயிடும். ஆக்ஸிடென்ட் ஒரு மணிக்கு நடந்ததா சொல்லிக்கலாம். ஆஸ்பத்திரில எழுதியிருக்கற நேரத்தை நான் பார்த்துக்கறேன்."

பத்து நிமிஷ வேலை. அதற்கான அதிகாரம் என்னிடம் இருந்தது. தேர்ட் பார்ட்டி மட்டும் என்றால் வண்டியை யாரும் போய்ப் பார்க்கக்கூட வேண்டியதில்லை. நான் உடனே முடியாது என்று சொல்லியிருப்பேன் என்றுதான் நீங்கள் நினைப்பீர்கள். நான் சொல்லவில்லை. திரும்பக் கூப்பிடுகிறேன் என்று வைத்துவிட்டேன்.

ஏன் என்றால், நான் போனை வைப்பதற்கு முன்னால் பிரகாஷ் சொன்னது என்னைக் குழப்பிவிட்டது. காப்பீடு இருந்தால் அந்த அம்மாவுக்குக் கம்பெனியிடமிருந்து நிச்சயமாக இழப்பீடு கிடைக்கும். இல்லாவிட்டால் ஒரு ரிட்டயர்ட் மனிதரின் நல்ல மனசை நம்பி அவள் நிற்க வேண்டும். பொய் சொன்னால் யாருக்கு நஷ்டம், நமது கம்பெனிக்குத்தானே என்றான். கெட்ட காரியத்தைச் செய்யச் சொல்லி யாராவது வந்தால் தப்பித்துவிடலாம். நல்ல காரியம் போல் அதை ஒருவர் கொண்டுவந்து நீட்டும்போதுதான் கை தடுமாறும். கோவண்டியிலிருந்து ரயிலேறி வந்து அடுத்தவர் வீட்டில் சமைத்துவிட்டுப் போகிற பெண்களோடு வளர்ந்தவள் நான். மூன்று மாதம் அவள் படுத்துக்கிடந்தால் அந்த வீட்டில் என்ன ஆகும் என்று எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

எங்கள் கிளை மேலாளர் அன்று ஒரு கூட்டத்துக்காக நாக்பூர் போயிருந்தார். அவரை போனில் பிடித்தேன். முழுவதும் கேட்டுவிட்டு, செய்யுங்கள் என்றோ செய்யாதீர்கள் என்றோ அவர் சொல்லவில்லை. "நீங்க செய்யப்போறதை அப்படியே ஃபைல்ல எழுத முடியுமான்னு பாருங்க. எழுத முடிஞ்சா செய்யுங்க" என்றார். அவ்வளவுதான் பேசினார்.

ஒரு காகிதத்தை எடுத்தேன். 'விபத்து நடந்து இரண்டு மணி நேரத்துக்குப் பிறகு, விபத்து நடந்தது தெரிந்தே' என்று எழுதினேன். அதற்கு மேல் பேனா போகவில்லை. பிரகாஷைக் கூப்பிட்டு முடியாது என்றேன்.

"அந்தம்மாவுக்குத்தான் நீங்க கெடுதல் பண்றீங்க மேடம்" என்றான் அவன்.

அது வலித்தது. இருந்தாலும் டாக்ஸி பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனேன். போக வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. முடியாது என்பதை போனில் சொல்லிவிட்டு மேஜையில் உட்கார்ந்திருக்க என்னால் முடியவில்லை, அதுதான் காரணம்.

வார்டுக்கு வெளியே பெஞ்சில் சுந்தரேசன் உட்கார்ந்திருந்தார். சட்டையில் ரத்தக் கறை. மாரியம்மாளை டாக்ஸியில் தூக்கிப் போட்டுக் கொண்டுவந்தவர் அவர்தான். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

"நான் ஓட்டலையேம்மா. நீங்க ஓட்டக்கூடாதுன்னேள். நான் ஓட்டலை. தள்ளத்தானே செஞ்சோம்."

அவர் சாக்குச் சொல்லவில்லை. உண்மையாகவே அவருக்குப் புரியவில்லை. சட்டத்தில் வண்டியைப் பயன்படுத்துவது என்றால் ஓட்டுவது மட்டும் இல்லை. என்ஜின் இல்லாமல் தள்ளினாலும், தெருவில் சும்மா நிறுத்தி வைத்தாலும் அது பயன்பாடுதான். ஜனங்கள் வந்து போகிற எந்த இடமும் பொது இடம்தான். இதை நான் தூக்கத்தில்கூடச் சொல்வேன். ஆனால் அவரிடம் சொல்லவில்லை. ஓட்டக்கூடாது என்ற ஒரு சொல்லில் எல்லாம் அடங்கிவிட்டதாக நினைத்துவிட்டேன். அவர் அந்தச் சொல்லை அட்சரம் பிசகாமல் காப்பாற்றியிருந்தார்.

"தப்பு உங்க மேல மட்டும் இல்ல சார். நான் சரியா சொல்லல" என்றேன். பிறகு, போலீஸில் என்ன நேரம் சொல்லப் போகிறீர்கள் என்று கேட்டேன்.

"பிரகாஷ் ஒரு மணின்னு சொல்லச் சொன்னான்."

"நடந்தது எப்போ?"

"ஒன்பதரை."

"அப்போ ஒன்பதரைன்னே சொல்லுங்க."

வீடும் கொஞ்சம் சேமிப்பும் தவிர அவரிடம் வேறொன்றும் இல்லை என்பது எனக்குத் தெரியும். அவர் தலையை ஆட்டினார். அன்று மத்தியானம் வாக்குமூலத்தில் ஒன்பதரை என்றே சொன்னார். அந்த ஒரு வார்த்தைக்கு அவர் என்ன விலை கொடுத்தார் என்று யோசிக்கும்போதெல்லாம் அவர் மேல் எனக்கு மரியாதை கூடுகிறது.

மாரியம்மாளின் தம்பி நம்பிராஜன் அதற்குள் வந்துவிட்டான். கோவண்டியில் ஆட்டோ ஓட்டுகிறவன். நான் யார் என்று தெரிந்ததும் நேராக என்னிடம் வந்து, வண்டிக்கு இன்சூரன்ஸ் இருக்கா என்று கேட்டான். தீக்கும் திருட்டுக்கும் இருக்கிறது, இதற்கு இல்லை என்றேன். கம்பெனிக்காரி வந்ததே இதைச் சொல்லத்தானா என்கிற மாதிரி பார்த்தான். விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் வழக்குப் போடலாம், இலவச சட்ட உதவி அங்கேயே கிடைக்கும், எங்கள் கம்பெனியையும் எதிர்த் தரப்பாகச் சேர்க்கலாம், நீ கேட்கிற எந்தக் காகிதத்தையும் நான் மறைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அவன் அப்படியே செய்தான். கம்பெனியும் எதிர்த் தரப்பானது. என்னைச் சாட்சியாக அழைத்தார்கள்.

எங்கள் வக்கீல் கெட்டவர் இல்லை. அவர் வேலை கம்பெனியைக் காப்பாற்றுவது. விதிகளையெல்லாம் வாடிக்கையாளருக்கு முழுமையாக விளக்கினேன் என்று ஒரு வரி சொன்னால் போதும், கையெழுத்து இருக்கிறது, முடிந்தது என்றார். முழுமையாக விளக்கவில்லையே என்றேன். காகிதத்தில் அச்சடித்திருக்கிறதே என்றார். அச்சடித்திருந்ததை நான் படித்துக் காட்டவில்லை. கூண்டில் நின்று அதைத்தான் சொன்னேன்: ஓட்டக்கூடாது என்று சொன்னேன், கேட்டுக்கு வெளியே தள்ளவும் கூடாது என்று சொல்லவில்லை. வக்கீல் தலையைக் குனிந்துகொண்டு எதையோ எழுதினார்.

அதனால் தீர்ப்பு ஒன்றும் தலைகீழாக மாறிவிடவில்லை. பாலிசியின் வாசகம் தெளிவாக இருக்கிறது, கம்பெனிக்குப் பொறுப்பு இல்லை, உரிமையாளர்தான் கொடுக்க வேண்டும் என்று ஆயிற்று. சந்து முனையில் இருந்த மளிகைக் கடையின் கேமராவில் ஒன்பது முப்பத்திரண்டுக்கு வண்டி உருண்டது பதிவாகியிருந்தது என்பதும் அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அன்று நான் அந்தப் பாலிசியைப் போட்டிருந்தால் கம்பெனி அதை மோசடி என்று தள்ளியிருக்கும். சுந்தரேசன் மேல் இன்னொரு வழக்கு வந்திருக்கும். மாரியம்மாளுக்கு இரண்டு பக்கமும் கிடைத்திருக்காது. ஆனால் கேமரா இருந்ததால் நான் செய்தது சரியாகிவிட்டது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். கேமரா இல்லாமல் இருந்திருந்தாலும் அது சரிதான்.

சுந்தரேசன் மேல்முறையீடு எதுவும் செய்யவில்லை. ஆஸ்பத்திரிச் செலவை முதல் நாளிலிருந்தே அவர்தான் பார்த்துக்கொண்டிருந்தார். தீர்ப்பில் சொன்னதைக் கொடுக்க, சேமிப்பு போதாமல் காரைப் புனேவில் பழைய கார் சேகரிக்கிற ஒருவருக்கு விற்றார். விற்ற விஷயத்தை எனக்குத் தெரிவிக்க அவர் கூப்பிடவில்லை. கூப்பிட்டது வேறு காரணத்துக்கு.

"புதன்கிழமை லாரி வரும்மா. சந்துக்குள்ள வராது, மெயின் ரோட்டுலதான் நிக்கும். அதுவரைக்கும் நாப்பது அடி தள்ளணும். அதுக்கு என்ன பாலிசி எடுக்கணும்?"

மூன்று நாள் முன்னதாகவே கேட்டார். போட்டுக் கொடுத்தேன்.

எனக்கு மேலிடத்திலிருந்து விளக்கம் கேட்டு ஒரு கடிதம் வந்தது. வாடிக்கையாளருக்கு நிபந்தனைகளை எடுத்துச் சொல்வதில் குறை வைத்தது ஏன் என்று கேட்டிருந்தார்கள். குறை வைத்தேன், இனி வைக்காமல் இருக்க இதைச் செய்திருக்கிறேன் என்று பதில் எழுதி, கூடவே ஒரு தாளை இணைத்தேன். வண்டியை நிறுத்தி வைக்கிற ஒவ்வொருவருக்கும் கொடுக்க, தமிழ், இந்தி, மராத்தி மூன்றிலும் எழுதியது. ஒரே வரிதான். 'இந்த வண்டி உங்கள் கேட்டைத் தாண்டி ஒரு அடி போவதாக இருந்தாலும், ஓட்டினாலும் தள்ளினாலும் இழுத்தாலும், முதலில் எங்களைக் கூப்பிடுங்கள்.' கொடுத்துவிட்டு, என்ன புரிந்தது என்று அவர்கள் வாயாலேயே சொல்லச் சொல்வேன். கையெழுத்து அதற்குப் பிறகுதான். சில பேருக்கு எரிச்சல் வரும். வரட்டும்.

அந்தத் தாளைப் பற்றி எனக்குப் பெருமை இருந்தது. சுமார் ஒரு வருஷம் இருந்தது.

பிறகு ஒரு நாள் மத்தியானம், சாப்பாட்டு நேரத்துக்கு முன்னால், மாரியம்மாள் எங்கள் ஆபீஸுக்கு வந்தாள். லேசாக விந்தி நடந்தாள். மறுபடி வேலைக்குப் போக ஆரம்பித்துவிட்டதாகவும், மூன்று வீட்டுக்குப் பதில் இரண்டு வீடு என்றும் சொன்னாள். நாற்காலியை இழுத்துப் போட்டேன். அவள் கோபமாக வந்திருக்கிறாளோ என்றுகூட ஒரு நிமிஷம் தோன்றியது.

"எக்கா, தம்பி ஆட்டோ ரிப்பேராகி நாலு மாசமா நிக்கு. இன்சூரன்ஸு முடியப் போவுது. ஓடாத வண்டிக்கு எதுக்குக் கட்டணும்ங்கான். நான்தான் ஒங்ககிட்ட கேட்டுட்டு வாரேன்னு சொன்னேன்."

அந்தக் குடும்பத்தில் என்னிடம் வந்து கேட்க அவளுக்குத் தோன்றியதே எனக்குப் பெரிய விஷயம். உற்சாகமாக அந்தத் தாளை எடுத்து அவள் முன்னால் வைத்து, ஒவ்வொரு சொல்லாக விளக்கினேன். தீ, திருட்டு என்று சுருக்கிக்கொள்ளலாம், கேட்டைத் தாண்டாதவரைக்கும் கவலையில்லை என்றேன். வழக்கம்போல், என்ன புரிந்தது சொல்லு என்றேன்.

அவள் தாளில் கேட் என்ற சொல்லின் மேல் விரலை வைத்தாள்.

"எங்களுக்கு கேட்டே கெடையாதேக்கா. வண்டி சந்துலதான நிக்கு."

கோவண்டியிலும் தாராவியிலும் எந்த வீட்டுக்கு ஷெட் இருக்கிறது? வாசலில் நிற்கிற ஆட்டோ, குழந்தைகள் விளையாடுகிற சந்தில்தான் நிற்கிறது. அந்தச் சந்து பொது இடம். அங்கே நிற்கிற வண்டி ஒரு நாள்கூட சட்டப்படி ரோட்டை விட்டு இறங்குவதே இல்லை. வண்டியை நிறுத்தி வைக்கவும் ஒரு இடம் வேண்டும். அந்தச் சந்துகளில் வளர்ந்த நான், மாட்டுங்கா ஷெட்டுகளை மனதில் வைத்துக்கொண்டு அந்தத் தாளை எழுதியிருந்தேன்.

சுருக்க வேண்டாம், தேர்ட் பார்ட்டியை ஒரு நாள்கூட விடாமல் கட்டச் சொல்லு என்று அவளை அனுப்பினேன். அவள் படியிறங்கிப் போன பிறகு சாப்பிடப் போகவில்லை. தாளை மறுபடி எடுத்து, இருந்த வரிக்கு மேலே இன்னொரு வரி எழுதினேன். மூன்று மொழியிலும் எழுதினேன்.

'முதலில் சொல்லுங்கள்: உங்கள் வண்டி நிற்பது எங்கே?'